அடைபட்ட மடத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது?

[திரை: விடியாத நேரம். மணியோசை.]

பள்ளி, மருத்துவமனை என்று வெளியே வேலை செய்யும் கத்தோலிக்கச் சகோதரிகளை நமக்குத் தெரியும். கார்மேல், கிளாரா போன்ற சபைகளின் அடைபட்ட மடங்களில் இருப்பவர்கள் வெளியே வருவதே அபூர்வம். செபம்தான் அவர்களுடைய பணி.

மணி அடித்ததும் எழுந்து சிற்றாலயத்துக்குப் போவார்கள். "ஆண்டவரே, என் இதழ்களைத் திறந்தருளும்" என்று நாள் தொடங்கும்.

[திரை: இரு பக்கமும் எதிரெதிராக நிற்கும் சகோதரிகள்.]

இரண்டு அணியாக நின்று, விவிலியத்தில் உள்ள செபப் பாடல்களான திருப்பாடல்களை மாற்றி மாற்றிப் பாடுவார்கள். காலைப் புகழ், பகல் நேர மன்றாட்டுகள், மாலைப் புகழ், இரவு மன்றாட்டு, இதோடு வாசக மன்றாட்டு. இந்தத் தொகுப்புக்குத் திருப்புகழ்மாலை என்று பெயர். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவு மடங்களுக்காக எழுதிய ஒழுங்குப்படி 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்கள் மாநாட்டுக்குப் பிறகு வந்த உரோமைத் திருப்புகழ்மாலையில் அது நான்கு வாரச் சுற்று.

சரி, மனசு நன்றாக இருக்கும் நாளில் புலம்பல் பாட்டு வந்தால்? பாடித்தான் ஆக வேண்டும். வெள்ளி இரவுக்கு உரியது 88-ஆம் திருப்பாடல். கடைசி வரி வரைக்கும் அதில் ஆறுதலே கிடையாது. அதே நிலையில் எங்கோ ஒருவர் செபிக்கக்கூட முடியாமல் கிடப்பார், அவருடைய குரலாக இதைப் பாடுகிறோம் என்பதுதான் இவர்களின் புரிதல். இந்த வாழ்க்கையின் மையமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்பலி, அதாவது பூசை, தினமும் உண்டு. கார்மேல் மடங்களில் இது போக, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மௌன தியானம். 1562-இல் ஆவிலாவில் சீர்திருத்த மடத்தைத் தொடங்கிய புனித தெரேசா வைத்துப்போன வழக்கம் அது. உட்கார்ந்தவுடன் மனம் அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். மனம் அலைவதைப் பற்றி அவரே நிறைய எழுதியிருக்கிறார்.

[திரை: அப்பம் தயாராகும் அறை.]

இடையில் சமையல், தோட்டம், தையல். பல மடங்களுக்கு, திருப்பலியில் பயன்படும் நற்கருணை அப்பம் தயாரிப்பது ஒரு வருமானம். மணி அடித்தால் கையிலிருப்பது பாதியில் நிற்கும்.

மாலைப் புகழின் வேண்டுதல்களில் கடைசி எப்போதும் இறந்தவர்களுக்கானது. அப்புறம் இரவு உணவு, கலகலவென்று கொஞ்ச நேரம் பேச்சு. இரவு மன்றாட்டு முடிந்தால் காலை வரை மௌனம். கிளாரா மடங்கள் சிலவற்றில் மட்டும் நள்ளிரவிலேயே மறுபடி மணி அடித்துவிடும். எழுந்துபோய்ச் செபித்துவிட்டு வந்துதான் மீதித் தூக்கம்.