பந்தியில் விடுபட்டவர்கள்

(மீன்பிடித் தடைக்காலத்தில் இராமநாதபுரம் கடலோரப் பங்குகள், சபைகளின் பொறுப்பாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்புக்குரிய அருட்தந்தையரே, போதகர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவை மற்றும் சபைக் கமிட்டிப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. வருடத்தில் வேறெப்போதும் நம் ஆண்கள் இத்தனை பேரை இப்படிச் சேர்ந்தாற்போல் உட்காரவைத்துப் பேச முடியாது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சபைகளுக்கு முன்னால் இருக்கும் சவால்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் வெளியிலிருந்து வரும் நெருக்கடிதான் நம் மனதில் முதலில் வரும். அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆனது. அந்த உதவியை நம்பி நடந்த விடுதிகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் அது பெரிய இடி. தலித் கிறிஸ்தவர்களுக்கு நடந்திருப்பது அதைவிடப் பழைய அநீதி. 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதிகளில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. இதற்காகப் போராட வேண்டும், போராடுவோம்.

ஆனால் நம் கரையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1549-இல், இதோ பக்கத்தில் இருக்கும் வேதாளையில் இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் இன்னொரு இயேசு சபைக் குரு அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1964 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. அங்கே கோவிலின் சுவர்தான் மிஞ்சியது. பிழைத்தவர்கள் தீவின் மற்ற ஊர்களில் குடியேறி, அங்கே மறுபடியும் ஒன்றுகூடி ஜெபித்தார்கள். வாளும் புயலும் இந்தச் சபையைக் கரைத்துவிடவில்லை. ஒரே பீடத்தைச் சுற்றி முழங்காலிடும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போவதுதான் அதைக் கரைக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை, நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சகோதரர்கள் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளைத்தான் சொல்கிறேன், வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள். எருசலேமில் ஆதிச் சபைக்குள்ளேயே ஒரு மனக்கசப்பு. காரணம் கோட்பாடோ கொள்கையோ கிடையாது, சாப்பாடு. தினமும் நடந்த பந்தியில் கிரேக்க மொழி பேசிய குடும்பங்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அவர்கள் தரப்பு முணுமுணுத்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? 'சபைக்குள் பிரச்சினை என்று வெளியே தெரிந்தால் அவமானம்' என்று மூடி மறைக்கவில்லை. முணுமுணுத்தவர்களைக் கண்டிக்கவும் இல்லை. சபை முழுவதையும் கூட்டி, நம்பிக்கைக்குரிய ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழு பேரும் கிரேக்கப் பெயர்க்காரர்கள். அதாவது எந்தத் தரப்பு 'எங்களை விட்டுவிட்டீர்கள்' என்று அழுததோ, அந்தத் தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சபை பெருகியது என்று அதே அதிகாரம் சொல்கிறது.

சரி, நம் ஊர்ப் பந்தியில் விடுபட்டவர்கள் யார்?

முதலில் படகுத் தகராறைச் சொல்கிறேன். மேடையில் இதைப் பேசுவது பலருக்குப் பிடிக்காது, தெரியும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்று 1983-இலிருந்தே சட்டம் இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை, மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் சுருக்குமடிக்கும் அந்தக் கடலில் தடை. இருந்தும் விடிகாலையில் நாட்டுப்படகுக்காரர் போய்ப் பார்த்தால், முந்தின நாள் விரித்த வலை அறுந்து கிடக்கிறது. அந்த வலை கடன் வாங்கிப் போட்ட வலை. அறுத்த படகில் போனவரும் அறுபட்டவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசைக்கு வருகிறார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒருவர் வலப்பக்கம் திரும்புகிறார், இன்னொருவர் இடப்பக்கம் திரும்புகிறார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார். நாம் காணிக்கையை மட்டும் செலுத்திவிட்டு வருகிறோம்.

கோவில் வேறு, கடல் வேறு, அதை மீனவர் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். சங்கம் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் சங்கத்தில் நாட்டுப்படகுக்கு ஒன்று, விசைப்படகுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். இரண்டு பக்கமும் சேர்ந்து உட்காரும் ஒரே இடம் கோவில்தான். அந்த இடத்திலும் பேசவில்லை என்றால் வேறு எங்கே பேசப் போகிறோம்?

இதன் இன்னொரு பக்கம் இன்னும் வலிக்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நாம் படகில் போகிறோம். அந்தப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் வருகிறார்கள். சிலுவைப்பாதை ஒன்று, திருப்பலி ஒன்று, பாட்டும் நம் தமிழ்தான். நம் இழுவை மடி அறுத்த வலையின் சொந்தக்காரர் அங்கே நம் பக்கத்திலேயே மண்டியிட்டிருக்கலாம். போர் முடிந்து கடன்பட்டு மறுபடி தொழில் தொடங்கியவர்கள் அவர்கள். நம் ஆட்களை அவர்களுடைய கடற்படை பிடித்துப் போவதும், படகுகளைப் பறிப்பதும், மாதக்கணக்கில் சிறையில் வைப்பதும் கொடுமை. அந்தக் கோபத்தில்தான் 2024-இல் நம் தரப்பு திருவிழாவுக்கே போகவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அதோடு, அந்தப் பக்கத்து மீனவக் குடும்பத்தின் கண்ணீரையும் நம் மன்றாட்டில் சேர்ப்பது நமக்குக் கடினமாக இருந்தாலும் அவசியம் என்று நினைக்கிறேன். இரண்டு கரையின் குருக்களும் போதகர்களும் மீனவப் பெரியவர்களை அழைத்துப் பேச வைக்கலாம். அரசாங்கங்கள் பேசும் வரை சபை காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், சிறைக்குப் போனவரின் வீடு. செய்தி வந்த அன்று ஊரே அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. பத்து நாள் கழித்து யார் நிற்கிறார்கள்? வாய்தா தள்ளிப்போகிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. நகை அடகுக்குப் போகிறது, ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணம். அந்த வீட்டுப் பெண் மீன் கூடையோடு பஸ் ஏறுகிறாள், அல்லது பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறாள். அரசு உதவி வாங்குவதற்கும் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்று ஆயிரம் காகிதம் கேட்பார்கள், மீன்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு சபையிலும் நான்கைந்து பேரை இதற்கென்றே பெயர் சொல்லி நியமியுங்கள். காகிதங்களைச் சரிபார்த்து அவளோடு அலுவலகத்துக்குப் போவது அவர்கள் வேலை. கணவன் திரும்பி வரும் வரை வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போவதும் அவர்கள் வேலை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியம் என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அது வேறு எதற்கு?

நம் மக்கள் ஜெப வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள் என்ற குறையை இங்கே பலர் சொன்னீர்கள். போனவர்களிடம் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் வேதாகம விளக்கம் எதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். 'பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பாஸ்டரம்மா ராத்திரி வந்து உட்கார்ந்திருந்தாங்க' என்பார்கள். அதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

கணக்கைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எல்லாம் நம் உயிர். வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் நம்மோடு வந்து நிற்பது இந்தத் தீவின் பெருமை. திருவிழா வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் திருவிழா முடிந்ததும் ஊர் இரண்டாகிறதே, ஏன்? சீரியல் செட்டுக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கேட்டால் கமிட்டிக்குக் கோபம் வருகிறது. கேட்டவரும் சும்மா இருப்பதில்லை, அடுத்த வருடம் வேறு கமிட்டி கட்டுகிறார். பிறகு போலீஸ், கோர்ட்டு, கோவிலுக்குப் பூட்டு. எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது பவுல் அடிகளார் தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகள் நியமித்த ஆளையும் கூட அனுப்பினார். ஆண்டவர் முன்னிலையில் மட்டும் நேர்மையாக இருந்தால் போதாது, மனிதர் முன்னிலையிலும் அப்படித் தெரிய வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். பவுலுக்கே அது தேவைப்பட்டது.

கொடி இறங்கி இரண்டு வாரத்துக்குள் வரவு செலவைப் பூசைக்குப் பின் வாசியுங்கள், கோவில் வாசலில் ஒட்டுங்கள். பணம் வங்கியில் இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி இருக்கட்டும். வசூலாவதில் பத்தில் ஒரு பங்கைத் தடைக்காலத்துக்கும் சிறை வீட்டுக்கும் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரி பாக்கி என்பதற்காகக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மறுப்பது, அடக்கத்துக்கு மணி அடிக்க மறுப்பது போன்றவை நம் கரையில் எந்த ஊரிலும் நடக்கக் கூடாது. தொழில் இல்லாத மாதத்தில் வரி கட்ட முடியாதவர் குற்றவாளியா?

கமிட்டியில் பெண்கள் வேண்டும். பேருக்கு ஒருவரைப் போடுவதால் பயனில்லை, பாதிப் பேராவது இருக்க வேண்டும். அன்று எருசலேமில் தேர்ந்தெடுத்த ஏழு பேரும் ஆண்கள்தான், அந்தக் காலம் அப்படி. நம் கரையில் மகளிர் குழுக் கடனைத் தவணை தவறாமல் கட்டுவதும், எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று அறிந்திருப்பதும், எந்த வீட்டில் குடி தலைக்கேறி அடி விழுகிறது என்று அறிந்திருப்பதும் பெண்கள்தான். அந்த அறிவு கணக்குப் புத்தகம் இருக்கும் மேசைக்கு வர வேண்டும். படித்துவிட்டுச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகும் பிள்ளைகளும் அப்படித்தான். நன்கொடை கேட்க மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள், முடிவெடுக்கும்போதும் போன் போட்டுக் கேளுங்கள்.

கல்லறையில் சாதிக்கொரு பகுதியோ நடுவில் சுவரோ இருக்கும் ஊர் எதுவானாலும், 1950 ஆணையை எதிர்த்துத் தெருவில் நிற்கும் முன் அந்தச் சுவரை அந்த ஊரே இடிக்க வேண்டும். டில்லியிடம் சமத்துவம் கேட்கிறவர்கள் செத்தவர்களுக்கு அதை மறுக்க முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தடைக்காலம் முடியும் முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று ஒவ்வொரு பகுதியிலும் விசைப்படகுக்காரர் ஐந்து பேர், நாட்டுப்படகுக்காரர் ஐந்து பேர், அந்த வீட்டுப் பெண்கள் ஐந்து பேர், கோவில் மண்டபத்திலேயே ஒரு சாயங்காலம் உட்காருங்கள். முதலில் அறுந்த வலைகளின் கணக்கு, அடுத்து யார் எந்தப் பக்கம் இழுப்பது என்ற பேச்சு, கடைசியில் சிறையில் இருப்பவர்களின் வீட்டுப் பட்டியல். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசலில் ஒரு நோட்டு இருக்கும். உட்காரச் சம்மதம் உள்ளவர்கள் ஊர்ப் பெயரோடு அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் தேதி குறித்துச் சொல்கிறோம்.