மெடிக்கல் முடிந்தது, லெட்டர் இன்னும் வரவில்லை

எல்லாருக்கும் வணக்கம். பின்வரிசை வரைக்கும் கேட்கிறதா? சரி. நான் ராணுவத்தில் இருந்தவன் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்டிஏ-வில், அதாவது முப்படைகளுக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற தேசிய பாதுகாப்பு அகாடமியில், படிக்கிற ஒரு கேடட்டின் அப்பா, அவ்வளவுதான். எஸ்எஸ்பி, அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற வாரியத்தின் இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, குரூப் டாஸ்க்கில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர இந்த மேடையிலேயே தகுதியானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. எழுத்துத் தேர்வு முடிந்து, அஞ்சு நாள் எஸ்எஸ்பி முடிந்து, "ரெகமெண்டட்" என்று பெயர் சொல்லி, மெடிக்கலும் பார்த்து அனுப்பிவிட்ட பிறகு பிள்ளை வீட்டுக்கு வந்து உட்காருகிறதே, அந்தச் சில மாதங்களைப் பற்றித்தான் பேச வந்தேன். அந்த நாட்களில் வீட்டில் நடப்பது என்ன? காலையில் எழுந்ததும் போனை எடுத்து, தேர்வை நடத்துகிற யுபிஎஸ்சி-யின் வெப்சைட்டைப் பார்ப்பது, மத்தியானம் டெலிகிராம் குரூப்பில் "லிஸ்ட் இன்றைக்கு வருமாம்" என்று எவனோ கிளப்பிவிட்டதைப் படிப்பது, சாயங்காலம் மாமா போன் பண்ணி "என்னப்பா, எப்ப கிளம்புற?" என்று கேட்பதற்குப் பதில் சொல்வது. இதற்கு நடுவில் செய்யவேண்டிய வேலை ஏகப்பட்டது இருக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை.

முதலில் இந்த லிஸ்ட் சமாச்சாரம். என்டிஏ-வுக்கு எழுத்துத் தேர்வு 900 மார்க், எஸ்எஸ்பி 900 மார்க், இரண்டையும் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். பெரும்பாலான பெற்றோர் கவனிக்காத ஒரு வரி அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது: பட்டியல் தயாரிக்கும்போது மெடிக்கல் முடிவைக் கணக்கில் எடுக்கவில்லை என்று. இடம் சுமார் 400, அதில் என்டிஏ வழியாகத் தரைப்படைக்கு 208, கடற்படைக்கு 42, விமானப்படைக்கு 120, மிச்சம் கடற்படை அகாடமிக்கு. பட்டியலில் வரும் பெயர்களோ அதைவிட அதிகம். ஆகவே நானூறைத் தாண்டி ரேங்க் வாங்கிய பையனுக்கு இடம் உண்டா இல்லையா என்பது அவனுக்கு மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் மெடிக்கலில் நின்றுபோனார்கள், எத்தனை பேர் வேறு படிப்பு கிடைத்து வராமல் விட்டார்கள், இவன் எந்தப் படையை முதல் விருப்பமாகக் கொடுத்திருந்தான் என்பதையெல்லாம் பொறுத்தது. பட்டியலில் பெயர் வந்த அன்றே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஜாயினிங் லெட்டர் கையில் வரட்டும். லெட்டர் வராமல் போனால் அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றுகிற வேலையும் அந்தப் பிள்ளை கண்முன்னால்தான் நடக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் காலேஜ் சீட்டை விடாதீர்கள் என்கிறேன். "மிலிட்டரிக்குப் போகப்போகிறான், எதுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்?" என்று கேட்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். கவுன்சிலிங்குக்குப் போங்கள், சேர்த்துவிடுங்கள், வகுப்புக்கும் அனுப்புங்கள். சும்மா வீட்டில் உட்கார்ந்து லிஸ்ட்டை எதிர்பார்க்கிற பையனைவிட வகுப்புக்குப் போய்வந்து எதிர்பார்க்கிற பையனுக்கு மனசு பாதி லேசாக இருக்கும். ஒரே ஒரு ஜாக்கிரதை, ஒரிஜினல் சான்றிதழ். ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் கவுண்டரில் போய் நின்றால் நடப்பது வேறு. என் மகள் சேர்ந்த இடத்தில் டிசி-யைத் திரும்பக் கேட்டதற்கு, "சேர்மன் சார் வெளியூர் போயிருக்கிறார்" என்று ஒரு வாரம் அலையவிட்டார்கள். சேரும்போதே எழுத்துமூலம் சொல்லிவிடுங்கள், இந்த மாதிரி லெட்டர் வந்தால் உடனே போகவேண்டியிருக்கும் என்று. அந்தக் கடிதத்தின் நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் நிஜமாகவே பேச வந்த விஷயம். பெயர்.

நமக்கு இனிஷியல் வழக்கம். படிவம் தயாரிக்கிற டெல்லிக்காரருக்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன், முருகேசன் மகன் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவன் "கார்த்திக் எம்". ஆதாரில் "கார்த்திக் முருகேசன்". பான் கார்டில் முருகேசன் முன்னால் வந்து கார்த்திக் பின்னால் போயிருக்கும். அப்பா பெயர் ஒரு இடத்தில் "முருகேசன் ஆர்", இன்னொரு இடத்தில் தாத்தா பெயரும் சேர்ந்து நீளமாக, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒன்றில் ஒற்றை 'எஸ்', மற்றொன்றில் இரட்டை 'எஸ்'. நமக்கு இது எல்லாமே ஒரே ஆள். ஃபைலைப் புரட்டுகிற எழுத்தருக்கு இது மூன்று ஆள். யுபிஎஸ்சி விண்ணப்பம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத்தான் கேட்கிறது, ஆகவே அதையே தாய்ப்பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்துக் கொண்டுவாருங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம். சான்றிதழிலேயே தப்பு என்றால் பள்ளிக்கூடம், கல்வி அலுவலகம், தேர்வுத் துறை என்று ஏறி இறங்கவேண்டும். பெயரையே மாற்றவேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடவேண்டும். எதுவுமே இரண்டு நாளில் முடிகிற காரியம் இல்லை, லெட்டர் வந்த பிறகு ஆரம்பித்தால் கதை கந்தல்தான். பிறந்த தேதிக்கும் படிப்புக்குமான சான்றிதழ்களை டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிற ராணுவ ஆள்சேர்ப்புத் தலைமையகத்துக்கு நேரடியாக அனுப்பவேண்டும், யுபிஎஸ்சி-க்கு இல்லை. அதை அனுப்பித் தீரும் வரைக்கும் உங்கள் தேர்வு தற்காலிகமானதுதான். இதற்கிடையில் வாடகை வீடு மாறினால் புது விலாசத்தையும் அவர்களுக்கே எழுதித் தெரிவிக்கவேண்டும். நாம் பால்காரருக்குச் சொல்லுவோம், கேஸ் ஏஜென்சிக்குச் சொல்லுவோம், இவர்களுக்கு மட்டும் மறந்துவிடுவோம்.

மெடிக்கலில் நிறுத்தப்பட்டவர்கள் இருந்தால், உடனே ஒடிந்து உட்காராதீர்கள். மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டு என்று ஒன்று இருக்கிறது. காது அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, டான்சில், கூடுதல் எடை, இதெல்லாம் முன்கூட்டியே சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று அறிவிக்கையே சொல்கிறது, நாம்தான் படிப்பதில்லை. கெடு தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

அடுத்து உடம்பு. சேருவதற்கு முன்னால் இந்த அளவுக்காவது தயாராக வரச்சொல்லி அறிவிக்கையில் கொடுத்தது நான் பார்த்தவரைக்கும் இதுதான்: 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடவேண்டும், புஷ்-அப், சிட்-அப் குறைந்தது 20, சின்-அப் 8, அப்புறம் மூன்று நான்கு மீட்டர் கயிறு ஏறவேண்டும். பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் லிஸ்ட் வந்த மறுநாள் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேகம் வரும் பாருங்கள், யூடியூபில் ஏதோ கமாண்டோ வீடியோ பார்த்துவிட்டு பழைய ஷூவில் தார் ரோட்டில் காலையும் மாலையும் ஓடித்தள்ளி, முன்னங்கால் எலும்பில் வலியோடு நொண்டிக்கொண்டு போய்ச் சேருவார்கள். அங்கே கேட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து நடையே கிடையாது, எல்லாமே ஓட்டம்தான். புண்பட்ட காலோடு போனவன் முதல் மாதமே பின்தங்குவான். மண் தரையில் ஓடுங்கள், தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வலித்தால் நிறுத்துங்கள். நீச்சல் தெரியாவிட்டால் அங்கேயே சொல்லித்தருவார்கள், இருந்தாலும் தண்ணீர்ப் பயத்தை இங்கேயே தொலைத்துவிட்டுப் போனால் நல்லது. சைக்கிளும் பழகிக்கொள்ளுங்கள். புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற என்டிஏ வளாகம் ரொம்பப் பெரிது, கேடட்கள் வகுப்புக்குப் போவதே வரிசையாகச் சைக்கிளில்தான்.

இந்தி. இந்தப் பேச்சை எடுத்தாலே நம் ஊரில் அரசியல் வந்துவிடும், அதை வெளியே வைத்துக்கொள்ளலாம். அங்கே பாடம் நடப்பது ஆங்கிலத்தில். டிரில் கட்டளைகள் இந்தியில். உஸ்தாத், அதாவது டிரில் சொல்லித்தருகிறவர், ஒரு வார்த்தை கத்துவார், பக்கத்தில் இருப்பவன் திரும்புவான், நீ ஒரு விநாடி கழித்துத் திரும்புவாய், அந்த ஒரு விநாடிக்கு மொத்த ஸ்க்வாடும் தண்டனை ஓட்டம் ஓடும். முதல் நாளிலேயே கெட்ட பெயர் வாங்கவேண்டாமே. "சாவ்தான்", "விஷ்ராம்", "தாஹினே முட்" என்று ஒரு இருபது முப்பது கட்டளை, அப்புறம் சாப்பாடு, நேரம், உடம்பு சரியில்லை என்று சொல்லத் தேவையான பேச்சு, இவ்வளவு போதும்.

அம்மாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதினேழு வயசுப் பையன் சட்டைப் பித்தானைத் தைக்கத் தெரியாமல் இருக்கிறான் என்றால் அதில் உங்கள் பாசமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்து இஸ்திரி போடச் சொல்லிப் பாருங்கள். நேராக முன்பக்கத்தில் ஆரம்பிப்பான், அதை முடித்துவிட்டுக் கையைப் போடத் திருப்பும்போது முன்பக்கம் கசங்கிப்போகும், திரும்ப அதையே போடுவான். காலரை உள்பக்கமிருந்து போட்டு, அப்புறம் தோள்பட்டி, கை, முதுகு, கடைசியில்தான் முன்பக்கம் என்று யாராவது ஒருதடவை காட்டவேண்டும். கையில் ஒற்றை மடிப்பு கத்தி மாதிரி நிற்கவேண்டும், பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்தால் அங்கே அதற்கும் திட்டு. இதைத் தினமும் ஒரு சட்டைக்குச் செய்யச் சொல்லுங்கள், ஷூ பாலிஷும் அவனே போடட்டும். புஷ்-அப் எண்ணிக்கையைவிட முதல் டெர்மில் இதுதான் தூங்குகிற நேரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது, என் மகள் லீவில் வந்து சொன்னது.

பணம், பாண்ட் பற்றிச் சுருக்கமாக. சாப்பாடு, தங்குமிடம், சீருடை, புத்தகம், வைத்தியம் எல்லாம் அரசாங்கச் செலவு, கைச்செலவு மட்டும் நம்முடையது. என்டிஏ-வில் இருக்கிற மூன்று வருடமும் சம்பளம் கிடையாது, அதற்கடுத்த கட்டப் பயிற்சிக்குப் போன பிறகுதான் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. தானாக விலகி வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டியிருக்கும் என்று நீங்கள் பாண்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். படித்துவிட்டுப் போடுங்கள். பயிற்சியில் அடிபட்டு ஊனமாகி வெளியே வருகிற கேடட்களின் நிலைமையை உச்ச நீதிமன்றம் 2025-ல் தானாகவே வழக்காக எடுத்தது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையை அனுப்புகிற வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் மூன்று பேருமாக ஒருநாள் உட்கார்ந்து இதையெல்லாம் வாய்விட்டுப் பேசியிருக்கவேண்டும். "முடியாவிட்டால் வந்துவிடு கண்ணு" என்று அம்மாவும், "திரும்பி வந்தால் வீட்டுப் படி ஏறாதே" என்று அப்பாவும் ஆளுக்கொன்று தனித்தனியாகச் சொல்லி அனுப்பினால் அது யார் பேச்சைக் கேட்கும்?

பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் பெண்கள் இந்தத் தேர்வையே எழுத முடிந்தது, முதல் தொகுதியில் 17 பேர் 2025 மே 30-ம் தேதி பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். "பொண்ணை எதுக்கு இவ்வளவு தூரம்" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுங்கள், வாதாடி ஜெயிக்க முடியாது.

லிஸ்ட்டில் வராமல் போனால்? பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயசு வரைக்கும், வருடத்துக்கு இரண்டு தேர்வு, எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொள்ளுங்கள். டிகிரி முடித்தால் சிடிஎஸ் என்று இன்னொரு அதிகாரித் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் பரங்கிமலையில் 1963-லிருந்து நடக்கிற ஓடிஏ, அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமி, இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் போகிற தூரம். அதனால்தான் அந்தக் காலேஜ் சீட்டை விடாதீர்கள் என்றேன்.

கிளம்புகிற வாரம் விருந்துக்கு மேல் விருந்து வைத்து வயிற்றைக் கெடுத்து அனுப்பாதீர்கள். முதல் டெர்மில் போன் கையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் பேச்சே இல்லாவிட்டால் கலவரப்படவேண்டாம், அங்கே எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். வீட்டு போன் நம்பர் இரண்டையாவது மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மா நம்பரே தெரியாது.

சரி, எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. கேள்விகளை அடுத்துப் பேசுகிறவரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஆதாரும் கையோடு கொண்டுவந்தவர்கள் மட்டும் அந்த இடதுபக்க மேஜைக்கு வாருங்கள், பெயர் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம்.