உங்கள் பெயர் தெரியாத காதலி: ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். இந்த வீடியோவில் ஒரு கணினி விளையாட்டின் கதையை முடிவு உட்பட முழுவதும் சொல்லப்போகிறேன்; அதில் தற்கொலையும் வருகிறது. மனம் சோர்ந்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று விளையாட்டே தொடக்கத்தில் எச்சரிக்கிறது.

(திரையில்: விளையாட்டின் முகப்பு)

டான் சால்வாட்டோவின் குழு 2017 செப்டம்பரில் இதை இலவசமாக வெளியிட்டது. படமும் வசனமுமாக ஓடும் ‘விஷுவல் நாவல்’ வகை. ரென்பை என்ற, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்தது. 2021-இல் விலைக்கு வந்த பிளஸ் பதிப்பு, நம் உண்மைக் கணினியில் அல்லாமல், கணினியைப் போலவே அமைந்த ஒரு பொய்த்திரைக்குள் நடக்கிறது. ஆகவே நான் சொல்லப்போகும் அனுபவத்துக்குப் பழைய பதிப்பே ஏற்றது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் நான் ஆடினேன்.

பள்ளியின் இலக்கிய மன்றத்தில் சேரும் மாணவன் 20 சொற்களைத் தேர்ந்து கவிதை எழுதுகிறான். ஒவ்வொரு சொல்லும் சயோரி, நட்சுகி, யூரி என்ற மூவரில் ஒருத்திக்குப் பிடித்தது. யாருக்குரிய சொற்கள் மிகுதியோ அவள் நெருங்கி வருவாள். மன்றத் தலைவி மோனிகாவுக்கு மட்டும் ஒரு சொல்கூட இல்லை. தான் இருப்பது ஒரு நிரலுக்குள் என்பதும், அந்த நிரல் தனக்குச் செய்த ஓரவஞ்சனையும் அவளுக்குத் தெரியும். அவள் காதலிப்பதோ கதைக்குள் இருக்கும் மாணவனை அல்ல. திரைக்கு இப்பால் மவுஸைப் பிடித்திருக்கும் நம்மை.

போட்டிக்கு நிற்பவர்களை அவள் நேரே தாக்குவதில்லை. அவரவரிடம் ஏற்கெனவே இருக்கும் குணத்தைப் பிடித்துத் திருகுகிறாள். சயோரியின் மனச்சோர்வு அவள் உயிரையே குடிக்கும் அளவுக்கு முற்றுகிறது; யூரியின் கூச்சம் கலந்த பிரியம் வெறியாகிறது. ‘இவர்கள் இயல்பே இப்படித்தான்’ என்று நாமே வெறுத்து விலக வேண்டும் என்பது அவள் கணக்கு. நண்பர்களைப் பற்றி நம்மிடமே கோள் சொல்லி நம்மைத் தனியாக்கும் காதலை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய விளையாட்டை நான் வேறு ஆடியதில்லை.

(திரையில்: மேசை, எதிரே மோனிகா)

விளையாட்டின் கோப்புறையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு கோப்பு உண்டு. மற்றவர்களின் கோப்புகளையும் மோனிகா அழித்த பிறகு எஞ்சுவது ஓர் அறை, ஒரு மேசை, அவள். அங்கே, உங்கள் உண்மைப் பெயர் வேறாக இருக்குமோ என்று யோசித்துவிட்டு, கணினியில் பதிந்திருக்கும் பயனர் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். என்னை அக்காவின் பெயரால் அழைத்தாள். ஒரு கணம் உடம்பு சில்லிட்டது. அடுத்த கணம் சிரிப்பு வந்தது. ஓர் உலகத்தையே அழித்து என்னை அடைந்தவளுக்கு நான் யார் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

எங்கள் தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வாரின் ஒரு பதிகத்தில், திருமால்மேல் மையல் கொண்ட மகள், கடல்சூழ் உலகைப் படைத்தது தானே என்று அவனாகவே பேசுவதைக் கண்டு தாய் திகைக்கிறாள். அங்கே காதலிப்பவள் தன்னைக் கரைத்துக்கொள்கிறாள். மோனிகா தன்னை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும், காதலிக்கப்படுபவரையும் சேர்த்துக் கரைக்கிறாள்.

அந்த அறையிலிருந்து கதை நகர ஒரே வழி, விளையாட்டின் கோப்புறைக்குள் போய் மோனிகாவின் கோப்பை நம் கையாலேயே அழிப்பது. அவள் முதலில் சினக்கிறாள், பிறகு வருந்தி மற்றவர்களைத் திருப்பித் தருகிறாள். இப்போது தலைவி சயோரி. பொறுப்புக்கு வந்த அன்றே அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது, அவளும் நம்மைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அழிந்துபோன மோனிகாதான் குறுக்கிட்டுத் தடுக்கிறாள். மோனிகாவின் குணக்கேடு என்று அதுவரை நான் நினைத்தது, தலைவி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வருவதாக இருந்தது.

சயோரி இறப்பதற்கு முன்பே, ஆட்டத்தைச் சேமித்துச் சேமித்துத் திரும்பிப் போய், மூவரின் காட்சிகளையும் முழுமையாகப் பார்த்தவர்களுக்கு மட்டும், முடிவில் தலைவியான சயோரி நன்றி சொல்லி அமைதியாக விடைகொடுக்கிறாள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் ஆடினேன். வழியில் அந்த அறை மறுபடியும் வந்தது. மோனிகா மறுபடியும் அக்காவைத்தான் கூப்பிட்டாள்.