கடிக்கிற பூனைக்கு மாத்திரை

வணக்கமுங்க. நான் சேலத்துல நாய் பூனைக்கு வைத்தியம் பாக்குறவன். போன ஐப்பசியில அம்மாப்பேட்டையில இருந்து ஒரு பாட்டி கூடையில பூனையோட வந்தாங்க, ஒரு கால்ல மஞ்சப்பத்து. "பைத்தியம் புடிச்சிருச்சு தம்பி, பாஞ்சு கடிக்குது, தூங்குற மருந்து ஏதாச்சும் குடு"ன்னாங்க. நான் பூனைய தொடவே இல்ல, மொதல்ல பாட்டிய குழாயடிக்கு கூட்டிட்டுப் போயி 15 நிமிசம் சோப்பு போட்டு கழுவ வெச்சு ஜி.எச்.சுக்கு ரேபிஸ் ஊசிக்கு அனுப்புனேன், மஞ்சளுக்கெல்லாம் அது அடங்காதுங்க.

அப்புறம்தான் பூனை. வாய தெறந்து பாத்தேன், இடுப்ப அமுக்கிப் பாத்தேன், ஏன்னா சொத்தைப் பல்லு, மூட்டு வலி, வயசானதுக்கு தைராய்டு இதுலயே நிறைய பூனை கடிக்கும். இதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டுக் கேட்டு கடைசியில தெரிஞ்சது, ராத்திரியில தறிக்கூட ஜன்னலுக்கு வெளிய ஒரு கடுவன் வந்து நிக்குது, அவனை எட்ட முடியாத ஆத்திரத்த இது பாட்டி கால்ல காட்டுது, மாமியா மேல உள்ள கோவத்த மருமக சட்டியில காட்டுற கதை.

ஜன்னலுக்கு பேப்பர் ஒட்டச் சொன்னேன், கருத்தடையும் ஆச்சு, அப்பவும் அடங்கல. அதுக்கப்புறம்தான் ஃப்ளூவாக்சிடின் எழுதுனேன். அமெரிக்காவுல 1987ல மனுசங்களோட மனச்சோர்வுக்கு அனுமதி கிடைச்ச மருந்து, பூனைக்கு டாக்டர் பொறுப்புல குடுக்கறது. கிலோவுக்கு அரை மில்லிகிராம்ல இருந்து 1 வரைக்கும், நாலு கிலோ பூனைக்கு மிஞ்சிப் போனா 4, ஆனா மெடிக்கல்ல சாதாரணமா விக்கிற கேப்ஸ்யூல் 20 மில்லிகிராம், அதனால வீட்டுல யாரோ சாப்புடுறத பிச்சுப் போடுற வேலை வேண்டாங்க. பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரே மாத்திரை பூனைய கொன்னுடும்.

மொத வாரம் தீனி கொறையும், அது சகஜம், ஆனா முழுசா ஒரு நாள் சாப்புடலன்னாலே போன் பண்ணிடணும், பட்டினி கெடந்தா பூனைக்கு ஈரல் கெட்டுப் போகும். பலன் தெரிய 4லருந்து 6 வாரம் ஆகும். பாட்டி மூணாவது வாரமே "பிரயோஜனமில்ல"ன்னு நிறுத்திட்டாங்க! மறுபடி மொதல்ல இருந்து. சட்டுனு நிறுத்தக் கூடாது, கொறைச்சுக் கொறைச்சுத்தான்.

இன்னொண்ணு, ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வர்ற பூனைங்க கூண்டுலயே வெறி ஏறி வரும், அதுக்கு கெளம்புறதுக்கு 2 மணி நேரம் முன்ன பயத்த தணிக்கிற காபாபென்டின் மருந்து குடுப்போம், அது வேற கணக்கு.

தைக்கு அப்புறம் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி காலடியில படுத்திருந்துச்சு. ஜன்னல் பேப்பர்ல ஒரு மூலையில மட்டும் நகத்தால கிழிச்சு ஓட்டை போட்டு வெச்சிருக்கு, ஒரு கண்ணு அளவுக்கு.