கோயாவின் கழுதைகள்

நாகர்கோவிலில் கூடியிருக்கும் கலையன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா, செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங் முறையில் செய்த எண்பது படங்கள் கொண்ட ‘கப்ரிச்சோஸ்’ என்னும் தொகுப்பை 1799 பிப்ரவரியில் மத்ரித் நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விற்ற இடம் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கும் ஒரு கடை என்பதே ஒரு கேலிதான். அவற்றுள் 42ஆம் படத்தில் இரண்டு குடியானவர்கள், கண்களை மூடி, முதுகு வளைந்து, ஆளுக்கொரு கழுதையைச் சுமக்கிறார்கள். சவாரி செய்யும் கழுதையின் காலில் குதிரைவீரர் அணியும் குதிமுள் மாட்டப்பட்டிருக்கிறது.

நம் மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்தில் உளுவத்தலையன், உச்சிக்குடும்பன் என்னும் கோமாளிகளைக் கண்டவர்களுக்கு, உருவத்தைக் கோணலாக்கிச் சிரிக்கவைக்கும் கலை புதிதன்று. கோயா இந்தப் படத்தில் அந்த வழியில் செல்லவில்லை. கழுதை கழுதையாகவே இருக்கிறது. மனிதனும் மனிதனாகவே இருக்கிறான். இடம் மட்டுமே மாறியிருக்கிறது. விகாரம் உருவத்தில் இல்லாமல் உறவில் இருப்பதால்தான் அது நம்மை உறுத்துகிறது.

இதற்கு எட்சிங் முறை பெரிதும் கைகொடுத்தது. செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அப்பூச்சை மட்டும் கீறி, தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் தங்கும் மை ஈரத்தாளில் பதியும். உளிகொண்டு செம்பையே குடைவதுபோல் கை இறுகத் தேவையில்லை என்பதால், ஊசி பேனாவைப்போல் விரைந்து ஓடும். உடை மடிப்பையும் விலங்கின் மயிரையும் ஒரே பதற்றமற்ற குறுங்கோடுகளால் இழைத்துச் செல்ல முடிவது இதனால்தான். கழுதைக்கென்று கோரமான ஒரு கோடு தனியாக இல்லை. நடக்கக்கூடாதது அன்றாட நிகழ்ச்சிபோல வரையப்பட்டிருக்கிறது. பின்புலத்தின் சாம்பல் நிறமோ அக்குவாடின்ட்: பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, துகள்களுக்கு இடையே அமிலத்தை அரிக்கவிடுவது.

1803இல் கோயா தகடுகளையும் விற்காத பிரதிகளையும் அரசர் நான்காம் கார்லோஸிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாகத் தம் மகனுக்கு உதவித்தொகை பெற்றார். இதைப் பணிந்துபோதல் என்று நான் கருதவில்லை. தகடுகள் பிழைத்தன, பின்னாளில் அவற்றிலிருந்து புதுப் பதிப்புகளும் வெளிவந்தன. எனினும் பலமுறை அச்சிடும்போது, ஆழமற்ற அக்குவாடின்ட் நிறம்தான் கோடுகளுக்கு முன்பாகத் தேய்ந்து வெளிறும். ஆகவே இப்படத்தைத் தேடிப் பார்க்க விரும்புவோர், முதற்பதிப்பிலிருந்து எடுத்த நகலையே பாருங்கள்.