உறையில் இல்லாத பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் ஒரு சினிமாப் பாட்டு போடும் முன் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர் சொல்வார்கள். சரணத்துக்கு முன்னால் நம்மை உருக்கும் அந்தப் புல்லாங்குழலை வாசித்தவர் யார்? யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் சினிமாவில் கதாநாயகன் கிடாரைப் பிடித்து நின்றாலும் அவர்தான் வாசித்தார் என்று நாம் நம்புவதில்லை. ராக் குழு விஷயம் அப்படியல்ல. இசைத்தட்டின் உறையில் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால், உள்ளே வாசிப்பதும் அந்த ஐந்து பேர்தான் என்று நினைத்தே வாங்குகிறோம்.

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பேர்ட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்றால் எனக்கு உயிர். பாப் டிலன் எழுதிய பாட்டு. பதிவானது 1965 ஜனவரி 20, ஹாலிவுட்டில், கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டூடியோவில். அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

குழு தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ட்ரம்ஸ் வாசிக்கச் சேர்ந்த மைக்கேல் கிளார்க்கிடம் ஆரம்பத்தில் ட்ரம்ஸே கிடையாது. அட்டைப்பெட்டிகளைத் தட்டித்தான் பழகினார். கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் கிறிஸ் ஹில்மன். அவர் நல்ல மாண்டலின் கலைஞர், பேஸ் அவருக்குப் புதிது. தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர் பார்த்தார். குழுவில் 12 தந்தி கிடார் வாசிக்கும் மெக்குவின் மட்டும் இருக்கட்டும், மற்ற வாத்தியங்களுக்கு வெளியாட்கள் வரட்டும் என்று முடிவு செய்தார். ட்ரம்ஸுக்கு ஹால் பிளேன் வந்தார், பேஸுக்கு லாரி நெக்டல், இன்னொரு கிடாருக்கு ஜெர்ரி கோல், எலெக்ட்ரிக் பியானோவுக்கு லியான் ரஸ்ஸல். குழுவின் மெக்குவின், ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி மூவரும் பாடினார்கள். ஹில்மனும் மைக்கேல் கிளார்க்கும் அந்தத் தட்டில் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

மூன்று மணி நேரம். தட்டின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பாட்டு முடிந்துவிட்டது. பிற்பாடு குழுவே வாசித்து 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டைப் பதிவு செய்தபோது 77 டேக் ஆனது என்று மெக்குவினே சொல்லியிருக்கிறார். 77! மூன்று மணி நேரத்துக்குக் கூலி வாங்கிப்போன நால்வரின் கைத்திறன் என்னவென்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா? அந்த ஜூன் மாதம் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு பாட்டைத் தவிர, முதல் ஆல்பம் முழுக்கக் குழுவே வாசித்தது, நன்றாகவே வாசித்தது. ஆள் வைத்து வாசித்ததில் தப்பில்லை. வாசித்தவர் பெயரைப் போடாததுதான் தப்பு. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உறையில் ஒரு வரி போதும்.

சரி, அந்த ஆட்கள் எப்படிப்பட்டவர்கள்? காலையில் ஒரு ஸ்டூடியோ, மாலையில் இன்னொன்று. கரோல் கே என்ற பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் கிடார் கலைஞர். 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை; இவர் அந்த வாத்தியத்தை எடுத்தார், அப்புறம் கீழே வைக்கவே இல்லை. 1966 ஜனவரியில் பீச் பாய்ஸ் குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அந்தக் குழுவுக்குப் பாட்டு அமைக்கும் பிரையன் வில்சன் ஊரில் இருந்தபடி 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் இசையை இப்படிப்பட்டவர்களை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். குழு திரும்பி வந்து பாடியது. ஆல்பம் வந்தபோது உறையில் கரோல் கே இல்லை, ஹால் பிளேன் இல்லை, யாருமே இல்லை.

பிறகு இந்தப் பெயர்கள் நமக்கு எப்படித் தெரிந்தன? பெரும்பாலும் சம்பளத் தாள்களால். ஒவ்வொரு பதிவுக்கும் இசைக்கலைஞர் சங்கத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும்: யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி. ஓய்வூதியக் கணக்குக்காகவும் அது வேண்டும். உறை மறைத்ததைக் கணக்குப் படிவம் பத்திரமாக வைத்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. லண்டன் கதை பெரிது, ஒன்று மட்டும். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் வரும் 'லவ் மீ டூ'வில் ட்ரம்ஸ் ஆண்டி ஒயிட், 1962 செப்டம்பர் 11. ரிங்கோ ஸ்டார் கையில் டாம்பரின். டெட்ராயிட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் கலைஞர்களைப் பற்றியும் குறித்து வந்தேன். பல வருடம் பெயரில்லாமல் வாசித்தவர்கள், 1971இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் அவர்கள் பெயர் வந்தது. அது இன்னொரு நாளைக்கு.

இப்போது அந்த பேர்ட்ஸ் பாட்டைப் போடப்போகிறார்கள். முதலில் மணி மாதிரி ஒலிக்கும் கிடார் மெக்குவின். அதனுள் வழுக்கிக்கொண்டு வரும் பேஸைக் கவனியுங்கள். அது லாரி நெக்டல்.