இறாலின் தலை ஏன் கறுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மீன் சந்தையில் இறால் வாங்கும்போது தலைப்பக்கம் கறுத்திருந்தால் என்ன செய்வோம்? "இது நேத்துச் சரக்கும்மா" என்று அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவோம். விலங்கியல் படிக்கும்வரை நானும் அப்படித்தான், அந்தக் கறுப்பை அழுகல் என்றே நினைத்திருந்தேன்.

உயிருள்ள இறாலுக்குக் காயம் பட்டால் ஃபீனால்ஆக்சிடேஸ் என்ற நொதி கிளம்பி அந்த இடத்தில் மெலனினைப் பூசி அடைக்கும். நம் தலைமுடிக்கு நிறம் தருகிறதே, அதே மெலனின். உள்ளே நுழைந்த கிருமியைச் சுற்றியும் பூசும். இறால் செத்த பிறகும் அந்த நொதி ஓய்வதில்லை. அதனால்தான் தலை கறுக்கிறது. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஐஸ் போதாமல் நேரம் கடந்த இறால் என்று நீங்கள் சந்தேகப்படுவது சரிதான், அதில் மாற்றமில்லை.

நமக்கு ஒருமுறை அம்மை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் மட்டிக்கும் எதிர்ப்பொருளே கிடையாது. பிறகு எப்படிப் பிழைக்கின்றன? கிருமியைப் பிடித்து விழுங்கும் இரத்த அணுக்களை வைத்துத்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையை நான் எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1882, இத்தாலியில் மெசினா நகரம். ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடம்புக்குள் அணுக்கள் நகர்வது தெரிந்தது. ஒரு முள்ளைக் குத்தினால் இவை ஓடிவந்து சூழுமோ என்று தோன்றியது. தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றி ஒரே கூட்டம்! 1908இல் நோபல் பரிசு வாங்கித் தந்த வேலை அந்த முள்ளில்தான் தொடங்கியது.

சரி, விழுங்கிய கிருமியை இரத்த அணு எப்படிக் கொல்கிறது? ஆக்ஸிஜனையே சூப்பராக்சைடு என்ற நச்சாக மாற்றித் தாக்குகிறது. அடுப்புத் தீ மாதிரி என்று வையுங்கள். சோறும் பொங்கும், கவனிக்காவிட்டால் கூரையும் பற்றும். தீ இறாலின் சொந்தத் திசுவைத் தொடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், பெயர் நீளம்தான், நச்சை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் கண்ட நொதி இது. அடுத்து கேட்டலேஸ் அந்தப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கும். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்குமே, அந்த நுரை உங்கள் கேட்டலேஸ் வெளிவிட்ட ஆக்ஸிஜன். கிரீன் டீ பாக்கெட்டில் ஆன்டிஆக்சிடன்ட் என்று போட்டிருப்பார்களே, இப்படிப்பட்ட ஆக்ஸிஜன் நச்சை அடக்கும் பொருள் என்று அர்த்தம், அந்த வேலையை உடம்பு தானே செய்துகொள்கிறது.

இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் ஏரேட்டர், அதாவது குளத்து நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம், நின்றால் ஏன் பதறுகிறார்கள்? இரவெல்லாம் பாசியும் இறாலும் சுவாசித்து, குளத்து ஆக்ஸிஜன் அப்போதுதான் அடிமட்டத்துக்கு வரும். ஆக்ஸிஜன் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்தத் தீயும் அதை அணைக்கும் நொதிகளும் சமன் கெடும். கிருமி அதுவரை குளத்தில் சும்மா இருந்திருக்கும், இப்போது புகுந்துவிடும். இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோயிலும் அப்படித்தான். வைரஸ் ஏற்கனவே உடம்பில் இருக்க, அலைக்கழிந்த இறால்தான் முதலில் சாயும். அதனால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள் என்று பண்ணைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பால் முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்கள். ஆளி மட்டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வந்தேன். பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டியே வாழ்வதால், அதன் உடம்பில் இந்த நொதிகள் எவ்வளவு ஏறி இறங்கியிருக்கின்றன என்று அளந்து அந்தக் கடற்கரையின் மாசை ஊகிக்க முடியும். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.